மன்னார் முத்தும் மாறிய விலையும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கிய மனிதன், அதே பொருள் பின்னொரு நாளிற் பாதி விலைக்கோ இலவசமாகவோ பிறர் கைக்குச் செல்வதைக் காணும்போது அடைகின்ற மனக்குறை தனித்தன்மை வாய்ந்தது. களவு கொடுத்தவனுடைய துயரம் அன்று அது. அவன் பொருள் அவனிடமே இருக்கின்றது. ஏமாந்தவனுடைய கோபமும் அன்று; கேட்ட விலையை அவனே மனமிசைந்து கொடுத்தான். ஆயினும் அக்குறை நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நிற்கின்றது. இக்காலத்து இளைஞர் கைத்தொலைபேசியில் விளையாடும் விளையாட்டொன்றைக் காசுகொடுத்து வாங்குகின்றனர். சில திங்கள் கழிந்ததும் அவ்விளையாட்டு விலை குறைக்கப்படுகின்றது. அல்லது எவரும் இனாமாய்ப் பெறலாம் என்று அறிவிக்கப்படுகின்றது. "பொறுத்திருந்தவனுக்கு இலவசம்; முந்திக்கொண்ட எனக்கு நட்டமா?" என்று அவர்கள் கேட்கின்றனர். வயதில் மூத்தோர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவதுண்டு. ஆனால் இக்கேள்வி சிறியதன்று, புதியதும் அன்று.

இலங்கையின் வடமேற்கே, மன்னார்க் கடலோரத்தில், இதே கேள்வி பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றது. அங்கே விலைப்பட்ட பொருள் முத்து. நேற்று வாங்கியவனை இன்று வாங்கியவன் பார்த்து நகைத்த கதையும், ஒரு கொம்பனி வெறுங்கடலுக்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்த நேர்ந்த கதையும், உலகமெங்கும் முத்தை வாங்கிச் சேர்த்தோர் அதன் விலை வீழக் கண்டு வழக்காடிய கதையும் ஆகிய மூன்றும் ஒரே சரித்திரத்தின் மூன்று அதிகாரங்களாகும். அவற்றை ஒழுங்காக நோக்கினால், விலை மாறும்போது எவருடைய முறைப்பாடு நியாயமானது, எவருடையது நியாயமற்றது என்பது விளங்கும்.

மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்களுக்கு நேரே, கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திடல்கள் உள்ளன. அவற்றைப் பார் என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. நீரின் ஆழம் ஐந்து பாகம் முதற் பத்துப் பாகம் வரை இருக்கும். எதிர்க்கரையில் கொற்கையும் தூத்துக்குடியும் இதே முத்தினாற் புகழடைந்தன. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரிற் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறினும், பாரை ஆண்டவர் எவரும் முத்துக்குளிப்பைத் தம் வருவாயிலிருந்து விட்டுக்கொடுத்தாரல்லர். ஆங்கிலேயருடைய முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோத், குளிப்பை நேரிற் பார்வையிடும் பொருட்டு அரிப்பிலே கடலை நோக்கியதொரு மாளிகையைக் கட்டுவித்தார். அதன் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம்.

ஆனால் இவ்வருவாய் ஆண்டுதோறும் வருவதன்று. சிப்பி விளைந்தாற் குளிப்பு உண்டு; விளையாவிடின் இல்லை. 1732 முதல் 1746 வரையும், 1768 முதல் 1796 வரையும், 1820 முதல் 1828 வரையும், 1837 முதல் 1854 வரையும் இலங்கைக் கரையிற் குளிப்பே நடக்கவில்லை என்பது பதிவான செய்தி. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துத் தானும் பிள்ளைகளைப் பெறுமளவு காலம் பார்கள் வெறுமையாய்க் கிடந்ததுண்டு. இந்த உண்மையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் வரும் கதைக்கு இதுவே திறவுகோல்.

குளிப்பு நடக்கும் ஆண்டிலே, மாசி பங்குனி மாதங்களில், வாடைக் காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் வேளையில், மறிச்சுக்கட்டியின் மணற்பரப்பில் ஒரு நகரம் திடீரென எழும். கிடுகினாலும் கம்பினாலும் வேய்ந்த வீதிகள், கடைகள், மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம் யாவும் சில வாரங்களுள் முளைத்துவிடும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்து குளியாளர் வருவர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியரும் வருவர். செட்டிமார், மரைக்காயர், பம்பாய் வணிகர் எனப் பலரும் பணப்பையுடன் வந்து கூடுவர். ஆளில்லாத கரையில் முப்பதினாயிரம் நாற்பதினாயிரம் பேர் குடியிருப்பர். குளிப்பு முடிந்த சில நாட்களில் அந்நகரம் இருந்த இடமே தெரியாது; குவிந்து கிடக்கும் சிப்பியோடுகளே எஞ்சும்.

வள்ளங்கள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றிற் புறப்பட்டு, விடியுமுன் பாரை அடையும். சூரியன் எழுந்தபின் குளிப்புத் தொடங்கும். குளியாள் கனமான கல்லொன்றிற் காலை வைத்து, மூச்சடக்கி, கயிற்றின் துணையுடன் கீழிறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் வாரியிட்டு மேலே இழுக்கப்படுவான். நண்பகலிற் கடற்காற்றெழ, வள்ளங்கள் கரைக்கு மீளும். சிப்பிகள் கொட்டு எனப்பட்ட பெரிய அடைப்பினுட் கொண்டுசெல்லப்பட்டு மூன்று கூறாகக் குவிக்கப்படும். குவிப்பவர் வள்ளத்தார், மூன்றில் எது அவர்களுடைய கூறு என்று காட்டுபவர் அரசாங்க அலுவலர். ஆகவே மூன்று குவியலையும் சமமாக்குவது குவிப்பவருக்கே நலமாயிற்று. இரண்டு கூறு அரசாங்கத்துக்கு. ஒரு கூறு குளியாளருக்கும் வள்ளத்தாருக்கும். பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் பெரும் புகழ் பெற்ற லெனாட் வூல்ப், இளம் சிவில் சேவை அலுவலராக 1906ஆம் ஆண்டுக் குளிப்பின்போது இந்தக் கொட்டிலேதான் கடமையாற்றினார்.

அரசாங்கத்தின் கூறு அன்றிரவே ஏலத்துக்கு வரும். ஏலம் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் நடக்கும். உயர்ந்த விலை கேட்டவன் அவ்விலைக்குத் தான் விரும்பிய அளவு ஆயிரங்களை எடுத்துக்கொள்வான். எஞ்சியவை மீண்டும் கூறப்படும். மறுநாள் மறு ஏலம், மறு விலை. ஈண்டு நாம் உற்று நோக்க வேண்டியது யாதெனில், அவன் வாங்குவது முத்தை அன்று, வாய் திறவாத சிப்பியை என்பதே. ஆயிரஞ் சிப்பியில் ஒன்றிலேனும் நல்முத்து இருக்குமோ, வெறுந் தூள்முத்தே இருக்குமோ, எவரும் அறியார். சிப்பிகளைத் தொட்டிகளிலும் பழந்தோணிகளிலும் இட்டு ஒரு வாரத்துக்கு மேலாக அழுகவிட்டு, புழுவும் நாற்றமும் பொறுத்துக் கழுவி, அடியிற் படிந்த மணலைப் பலமுறை அரித்துத் தேடியபின்னரே தான் வாங்கியது யாதென வாங்கியவனுக்குத் தெரியும்.

இப்போது முதல் நாள் ஏலத்தில் வாங்கியவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் உயர்ந்த விலைக்கு வாங்கினான். ஒரு வாரத்தின் பின் அவன் சிப்பிகள் கழுவப்பட்டன. விளைவு நன்றாயின் அச்செய்தி மறைத்தாலும் மறையாது. அன்றிரவே ஏலத்தில் விலை ஏறும். விளைவு குறைவாயின் விலை இறங்கும். அவன் கொடுத்ததிலும் மிகக் குறைந்த தொகைக்கு அதே பாரின் சிப்பியை மற்றவர் வாங்குவர். அதாவது, முதலில் வாங்கியவன் சிப்பிக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. அப்பாரின் தரம் என்னவென்னும் அறிவுக்கும் அவனே பணம் கொடுத்தான். அவ்வறிவைப் பின்வந்தோர் இலவசமாகப் பெற்றனர். முந்தி வாங்கும் ஒவ்வொருவனும் இவ்வாறு பிந்தி வாங்குபவனுக்கு வழிகாட்டியாகின்றான்; கைக்கூலி பெறாத வழிகாட்டி.

இதிலே விற்றவருடைய குற்றம் உண்டா? குளிப்புக்கு முன்னரே பார்களைச் சோதித்து, சில ஆயிரஞ் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்தை வணிகரைக்கொண்டு மதிப்பிட்டு, அம்மதிப்பை வெளிப்படையாக அறிவிப்பது அரசாங்கத்தின் வழக்கமாயிருந்தது. ஏலமும் யாவருங் காண நடந்தது. விற்பவர் தாம் அறிந்ததை மறைக்கவில்லை. வாங்குபவர் அறியாததைத் தாமும் அறியார். ஆகவே விலை இறங்கிய நாளிலே முதலில் வாங்கியவன் வருந்தலாம், வழக்காட முடியாது. மறுநாள் விலை மாறும் என்பது அவன் கேட்ட விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

ஆனால் அவ்வேலத்தில் வாய் திறவாத ஒருவன் இருந்தான். அவன் குளியாள். அவனுடைய மூன்றிலொரு கூறு ஏலத்துக்கு வருவதன்று. அதனை அவன் கரையிலேயே சிறு வணிகருக்கும், அதிட்டம் பார்க்க வந்த ஏழைகளுக்கும் சிறு சிறு தொகையாக விற்றான். பொறுத்திருந்து விலை ஏறும்போது விற்க அவனால் இயலாது; மறுநாள் விடியுமுன் அவன் கடலில் இருக்க வேண்டும்; அவனுக்கு உணவும் வேண்டும். ஏலத்தில் விலை இறங்கினால் கரையிலும் இறங்கும். விலையை நிர்ணயிப்பதில் அவனுக்குப் பங்கில்லை. விலை வீழ்ந்தாலோ அவனுக்குப் பங்குண்டு. இவ்வேறுபாட்டை நினைவிலிருத்தி, அடுத்த அதிகாரத்துக்குச் செல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல ஆண்டுகள் பார்கள் பொய்த்தன. காரணம் அறியும்பொருட்டு அரசாங்கம் லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மன் என்பவரை வரவழைத்தது. அவர் 1902இல் வந்து ஆராய்ந்தார். அவருடைய உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் தொடர்ந்து இங்கே தங்கிப் பணிபுரிந்தார். அவ்வேளையில் இயற்கையும் கைகொடுத்தது. 1903, 1904 ஆகிய இரண்டாண்டுகளிலும் பெருங்குளிப்புகள் நடந்தன. 1905இலோ முந்நூறுக்கு மேற்பட்ட வள்ளங்கள் கடலிலிறங்கி, எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளைக் கரைசேர்த்தன. அரசாங்கம் அடைந்த வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கும் அதிகம். அத்தகைய குளிப்பை முன்னர் எவரும் கண்டதில்லை, பின்னரும் காணவில்லை.

அந்நாளில் தேசாதிபதியாயிருந்தவர் சேர் ஹென்றி பிளேக். விளைச்சல் உச்சமடைந்திருந்த அவ்வேளையில், இலண்டனில் அமைந்த இலங்கை முத்துக்குளிப்புக் கொம்பனி என்னும் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகப் பார்கள் விடப்பட்டன. குத்தகை 1906ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆண்டொன்றுக்குக் குத்தகைப் பணம் 3,10,000 ரூபா. அதனுடன் பார்களைப் பேணி வளர்ப்பதற்கும் கொம்பனி ஆண்டுதோறும் பணம் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இவ்வுடன்படிக்கை வெளியானதும் இலங்கையிற் பெருங் கண்டனம் எழுந்தது. ஒரே ஆண்டிற் 25 இலட்சம் தந்த கடலை மூன்று இலட்சத்துச் சொச்சத்துக்கு இருபது ஆண்டு விற்பதா என்று பலரும் கேட்டனர். கேட்டவர்களுடைய கணக்கிற் பிழை இருந்ததாகத் தோன்றவில்லை. 1905ஐ மட்டும் கண்முன் நிறுத்திப் பார்த்தால் அது கொள்ளையே. 1906இலும் 1907இலும் குளிப்புகள் நடந்தன. அதன்பின் பார்கள் பொய்த்தன. அடுத்த ஆண்டு இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. கொம்பனியோ வெறுங்கடலுக்கு வாடகை செலுத்தக் கடமைப்பட்டு நின்றது. இருபது ஆண்டுக் குத்தகையிற் பாதிக் காலந்தானும் கழியுமுன், 1912இல், அக்கொம்பனி கலைந்தது.

நேயர்களே, இதில் அடங்கிய விந்தையைப் பாருங்கள். ஒரே உடன்படிக்கை, ஒரே விலை, ஓர் எழுத்தும் மாறவில்லை. 1906இல் விற்றவர் பக்கத்தார் "மலிவாக விற்றோம்" என்று புலம்பினர். சில ஆண்டுகளில் வாங்கியவர் "அதிக விலைக்கு வாங்கினோம்" என்று புலம்பினர். விலை அநியாயமானது என்று இரு பக்கத்தாரும் வெவ்வேறு காலத்திற் கருதினராயின், அநியாயம் விலையில் இல்லை. பார்த்த நாளில் இருந்தது. வாங்கிய நாளின் விலையை வாங்கிய நாளின் அறிவுகொண்டே அளக்க வேண்டும். பின்னாளின் அறிவை முன்னாளுக்குக் கொண்டுபோய் அளப்பது முறையன்று. அதிலும் கொம்பனியார் அறியாப் பிள்ளைகள் அல்லர். 1732 முதலாகப் பார்கள் எத்தனை முறை பொய்த்தன என்பது அச்சிட்ட நூல்களிலே இருந்தது. ஆழம் அறியாமற் காலை விடாதே என்னும் பழமொழி கடலோரத்தார்க்கு மட்டும் உரியதன்று.

பார்கள் ஏன் பொய்த்தன என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. அளவிறந்து வாரியதே காரணம் என்பர் சிலர். நீரோட்டம் மணலை வாரிப் பாரை மூடிவிடுதல் என்பர் சிலர். திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் இளஞ்சிப்பியைத் தின்றொழித்தல் என்பர் வேறு சிலர். காரணம் யாதாயினும் பயன் ஒன்றே. கொம்பனியின் பங்குதாரர் இழந்த பணத்துக்குக் கணக்கேடு உண்டு. அவர்களுடைய முறைப்பாட்டுக்கு நிருவாக அறிக்கைகள் உண்டு. ஆனால் குளிப்பு நின்ற ஆண்டுகளிலே கீழக்கரையிலும் மன்னார்க் கரையிலும் குளியாளர் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு ஏட்டிற் சான்று தேடுவது அரிது. அவர்கள் குத்தகையிற் கையொப்பமிட்டவர்கள் அல்லர். ஆயினும் அதன் விளைவைத் தம் உடலாற் செலுத்தினர். சங்கு குளித்தலே அவர்களிற் பலருக்குப் புகலாயிற்று.

1925இல் இலங்கைக் கரையில் மறுபடியும் ஒரு பெருங்குளிப்பு நடந்தது. ஆனால் அப்போது உலகமே மாறியிருந்தது. அம்மாற்றம் யப்பானில் தோன்றியது. மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்பவர் உணவுக்கடை வைத்திருந்த ஒருவருடைய மகன். சிப்பியினுள் ஒரு சிறு மணியை வைத்துக் கடலில் வளர்த்தால் அதனைச் சுற்றி முத்துப் படியும் என்னும் முயற்சியில் ஈடுபட்டு, 1893இல் அரைக்கோள வடிவான முத்தைப் பெற்றார். நிசிக்காவா, மிசே என்னும் வேறு இருவரும் முழு உருண்டை முத்தை வளர்க்கும் வழியைக் கண்டனர். முதலாம் உலகப் போர் முடிந்தபின் இவ்வாறு வளர்த்த உருண்டை முத்துக்கள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. 1921இல் இலண்டனிலும் பாரிசிலும் வணிகர் நடுங்கினர். கண்ணாற் பார்த்து, கையால் உருட்டி, எடைபோட்டுப் பார்த்தும், முத்தைத் துளைத்தோ பிளந்தோ ஆராய்ந்தாலன்றி, இது கடல் தானே தந்தது, இது மனிதன் தருவித்தது என்று பிரித்தறிய அவர்களால் இயலவில்லை.

வணிகர் கூறியது ஒன்றே: இது போலி. மிக்கிமோட்டோ தரப்பார் கூறியதும் ஒன்றே: சிப்பி செய்தது போலியாகுமா? வழக்கு பாரிஸ் நீதிமன்றம் சென்றது. 1924இல் வளர்ப்பு முத்தையும் முத்தென்றே விற்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பின்னர், வளர்ப்பு முத்தாயின் வளர்ப்பு முத்து என்று சொல்லியே விற்க வேண்டும் என்னும் நெறி வணிக உலகில் நிலைபெற்றது. விற்பவன் பொருளின் பிறப்பை மறைக்கலாகாது என்பதே அந்நெறியின் சாரம்.

நேற்றுவரை பெருஞ்செல்வம் கொடுத்து முத்துமாலை வாங்கியவர்களுடைய நிலை யாது? அவர்கள் முத்தின் ஒளி மங்கவில்லை, உருவம் குறையவில்லை, கழுத்தில் அணிந்தால் முன்போலவே அழகு தந்தது. ஆயினும் அவர்கள் எதையோ இழந்தனர். அவர்கள் வாங்கியவற்றுள் அழகு ஒரு கூறு. அருமை மற்றொரு கூறு. நம் முத்து வணிகருடைய பழைய கணக்கு இதனை நன்கு காட்டும். ஆணி முதலாகத் தூள் ஈறாக முத்தைத் தரம் பிரித்து, மஞ்சாடி கழஞ்சு என எடை கண்டு, செவ்வு என்னும் முறையால் அவர்கள் மதிப்பிட்டனர். அம்முறையில் ஒரு முத்தின் எடை இருமடங்கானால் மதிப்பு நான்மடங்காகும். பெரிய முத்து அழகில் நான்மடங்கு என்பதன்று கருத்து. கிடைப்பதில் அத்துணை அரிது என்பதே. அழகை ஒருவன் வாங்கினால் அது அவனிடம் நிற்கும். அருமையை வாங்கினாலோ, அது பிறரிடம் இல்லாதவரையில் மட்டுமே நிற்கும்.

நியூயோர்க் நகரத்தில் 1917ஆம் ஆண்டு நடந்த கொடுக்கல் வாங்கல் ஒன்று உலகப் பிரசித்தமானது. மோட்டன் பிளான்ற் என்னும் செல்வர் ஐந்தாம் அவெனியூவிலிருந்த தமது மாளிகையைக் காட்டியே என்னும் நகை வணிகருக்குக் கொடுத்து, மாற்றாக இரண்டு சரமுள்ள முத்துமாலை ஒன்றைப் பெற்றார். மாலையின் விலை பத்து இலட்சம் டொலர் என்று மதிக்கப்பட்டது. 1957இல் அம்மாலை ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலரே. மாளிகையோ இன்றும் அந்நகை வணிகர் வசமே உள்ளது.

செல்வருடைய இழப்பு இவ்வாறாக, பாரசீகக் குடாவில் நடந்ததோ வேறு. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் வளர்ப்பு முத்தும் ஒருசேரத் தாக்க, குவைத்து, பஃறெயின் முதலிய துறைகளின் முத்துத் தொழில் நொறுங்கிற்று. முன்பணக் கடனிற் கட்டுண்ட குளியாளர் பட்டினி கிடந்தனர். மறிச்சுக்கட்டிக்கு அக்காலத்தில் வந்து குளித்த அராபியர் அக்கரையினரே. விலை வீழ்ச்சியின் சுமை முத்தைக் கழுத்தில் அணிந்தவரை நகையாகத் தொட்டது. முத்தைக் கடலினின்று எடுத்தவரை உணவாகத் தொட்டது.

விலையின் கதை அத்துடன் முடியவில்லை. யப்பானில் வளர்ப்பு முத்துக்குப் பயன்பட்ட சிப்பி, நம் மன்னார்ச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவினது. 1973இல் தூத்துக்குடிக் கரையிலே, இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர். பின்னாளில் சீனத்து நன்னீர்ச் சிப்பிகள் முத்தை மேலும் மலிவாக்கின. பள்ளி ஆசிரியை ஒருவர் தமது சம்பளத்தில் முத்துமாலை அணியக்கூடிய காலம் வந்தது. இதற்கு மாறாகவும் ஒன்று நடந்தது. பனாமாக் கடலிற் பிறந்த பெரெக்கிரீனா என்னும் பழம்பெரும் முத்தை, நடிகர் றிச்சட் பேட்டன் 1969இல் 37,000 டொலருக்கு வாங்கி நடிகை எலிசபெத் ரெயிலருக்கு அளித்தார். அது பதித்த மாலை 2011இல் ஒரு கோடி 18 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. மனிதன் வளர்த்த முத்து எங்கும் நிறைந்தபின், கடல் தானே தந்த முத்து மறுபடி அரிதாயிற்று. விலை இறங்கியபோது வாங்கியவர் விதியை நொந்தனர். ஏறியபோது வாங்கியவரோ தம் புத்தியைப் புகழ்ந்திருப்பர். இரண்டும் பொருத்தமல்ல.

இச்சரித்திரத்திலிருந்து பெறத்தக்கது யாது? விலை குறைந்ததைக் கண்டு மனம் நொந்தவன் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். வாங்கிய நாளில் விற்றவன் தான் அறிந்த எதையாவது என்னிடம் மறைத்தானா? இடைப்பட்ட காலத்தில் அப்பொருளின் பயனை நான் துய்த்தேனா? பிறருக்கு அது மலிந்ததனால் என்னிடமுள்ள பொருளில் ஏதேனும் குறைந்ததா? நாளை இலவசமாகக் கொடுக்கப்போவதை அறிந்தே இன்று ஒருவன் முழு விலை வாங்கினால், அது கொட்டினுள் சோதனை முடிவை மறைத்து ஏலம் கூறுவதற்கு ஒப்பாகும்; அங்கே முறைப்பாடு நியாயமானது. "என்றென்றும் உனக்கு" என்று சொல்லி விற்றுவிட்டுப் பின்னர் இடையிடையே விளம்பரத்தையும் புதுக் கட்டணத்தையும் புகுத்தினால், வாங்கிய பொருளே மாறிவிட்டது; அங்கும் முறைப்பாடு நியாயமானது.

அவ்வாறன்றி, விலை குறைந்தது மட்டுமே குறையாயின், கைத்தொலைபேசி விளையாட்டின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அதனை முதன்முதல் ஆக்குவதற்கே பெருஞ்செலவு. ஆக்கியபின் மேலும் ஒருவருக்கு ஒரு பிரதி கொடுக்க ஏறக்குறையச் செலவே இல்லை. ஆகவே முதலில் வாங்குவோர் கொடுக்கும் பணமே அதனை ஆக்கியோர்க்கு ஊதியமாகின்றது. பிந்தியோர் முந்தியோரால் இலவசமாய்ப் பெறுகின்றனர். முதல் நாள் ஏலத்திற் சிப்பி வாங்கி, பாரின் தரத்தை ஊருக்கு அறிவித்தவனுடைய நிலையே இவர்களுக்கும். விளையாட்டில் அருமை என்பதும் இல்லை. அயல்வீட்டான் அதனை இனாமாய்ப் பெற்றதனால் என் விளையாட்டின் சுவை ஒரு மஞ்சாடியும் குறையாது. முத்துமாலை வாங்கிய செல்வருக்கு இருந்த நியாயமும் இங்கே இல்லை.

ஆனால் விலை மாற்றத்தைப் பற்றிய நம் சிந்தனை வாங்குவோன், விற்போன் என்னும் இருவரோடு நின்றுவிடலாகாது என்பதே மன்னார் நமக்குக் கூறும் முடிவான செய்தி. நெல்லின் விலை வீழும்போதும், மீனின் விலை வீழும்போதும், மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்பவர் ஒருபுறமும், அதிக விலை கொடுத்தேமே என்று வருந்துபவர் ஒருபுறமும் பேசுவர். இருவர் குரலும் சந்தையிற் கேட்கும். கேளாத மூன்றாவது குரல் ஒன்று எப்போதும் உண்டு. அது கடலடியில் மூச்சடக்கியவனுடைய குரல். ஏலம் கூறுபவரும் கேட்பவரும் அவனை மறந்துவிடுவர்; ஏட்டில் எழுதுபவரும் மறந்துவிடுவர். பேசாலையிலும் சிலாவத்துறையிலும் இன்று வலையிழுப்போர் அத்தகையோருடைய வழித்தோன்றல்கள் போன்றோரே. அவர்கள் தம் மீனை எந்நாளில், எவ்விலைக்கு விற்பது என்று தாமே தீர்மானிக்குமளவு பொறுத்திருக்கும் வசதியைப் பெறுவாராயின், முத்து விட்டுச்சென்ற கடன் ஓரளவாவது தீர்ந்ததாகும்.